ஆம்பிளை றால் எங்கை?

பெரியம்மா வட நோர்வேயின் துரொம்சோவுக்கு வந்த மூன்றாம் நாள் அவரைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மார்ச் மாதம். சுற்றியிருந்த மலையையும் பனியையும் யன்னலால் ஒரு தரம் பார்த்து, "வடிவாத்தான் கிடக்கு" என்று முடித்துவிட்டவர் அவர். யாழ்ப்பாணக் கரையில் குருநகரில் பிறந்து வளர்ந்த மனுசி. ஓர் ஊரை விளங்கிக்கொள்ள அங்கே மீன் எங்கே வந்து இறங்குகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கரையோடு ஒரு சின்ன இழுவைப் படகு கட்டியிருந்தது. பெட்டிகளில் ரோசா நிறத்தில் இறால். பெரியம்மா ஒன்றை எடுத்து மணந்தார், வாலை நிமிர்த்திப் பார்த்தார்.

"என்னடா தம்பி, அவிச்செல்லோ விக்கிறாங்கள்? பச்சை றால் இல்லையோ?"

இங்கே இப்படித்தான் என்றேன். இந்த இறால் செத்ததும் அதன் தலைக்குள் இருக்கும் செரிமான நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். அதனால் வலையின் மடி மேலே வந்த கையோடு படகிலேயே உப்பு நீரில் அவித்துவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் அதை வீட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக உரித்து, வெள்ளைப் பாணில் மயோனைஸ் பூசி எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள். சமையல் அவ்வளவுதான். இதைக் கேட்டதும் பெரியம்மாவின் முகத்தில் நோர்வே மக்கள் மேல் ஓர் இரக்கம் வந்ததைக் கவனித்தேன்.

இரண்டு கிலோ வாங்கினோம். வீட்டில் பேப்பரை விரித்து உரிக்க உட்கார்ந்தோம். பத்து நிமிடம் பேச்சில்லை. அப்புறம் பெரியம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இஞ்சை பார். பெரிசெல்லாம் வயித்திலை சினையோடை கிடக்கு. ஒண்டு தப்பேல்லை. அப்ப ஆம்பிளை றால் எங்கை?"

இருபது வருடத்துக்கு மேலாக இந்த இறாலை உரிக்கிறேன். ஒரு நாளும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

அவர் ஆச்சரியப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. யாழ்ப்பாணக் கடலேரியில் சிறகுவலையில் படுகிற இறால்கள் வேறு வம்சம். அவை முட்டைகளை லட்சக்கணக்கில் கடலில் விட்டுவிட்டுப் போய்விடும், வயிற்றில் சுமப்பதில்லை. சினையை வெளியே ஒட்டிக்கொண்டு திரிவதை அவர் நண்டில்தான் பார்த்திருக்கிறார். இந்த வடகடல் இறால் நண்டைப் போலத் தாய்மை பார்க்கிற சாதி. ஆயிரம், இரண்டாயிரம் முட்டைகளை நீந்துகால்களின் மயிரில் ஒட்டவைத்து, காற்றோட்டம் கொடுப்பது போல அந்தக் கால்களை அசைத்துக்கொண்டே மாதக்கணக்கில் காவித் திரியும். உயிரோடு இருக்கும்போது அந்த முட்டை நீலமும் பச்சையும் கலந்த ஓர் அழகான நிறம்.

இரண்டு வம்சத்தையும் பிரித்தறிய ஒரு சமையலறைச் சோதனை உண்டு. வால் பகுதியில் முன்னாலிருந்து இரண்டாவது வளையத்தின் ஓட்டைப் பாருங்கள். அதன் பக்கவாட்டு மடல் முதலாம் வளையத்துக்கும் மூன்றாம் வளையத்துக்கும் மேலே படிந்திருந்தால் அது முட்டை சுமக்கிற சாதி. ஓட்டுக் கூரை போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னோக்கியே படிந்திருந்தால் ஊர் இறாலின் வம்சம். பெரியம்மா இதை உடனே பிடித்துக்கொண்டார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து ஆறேழு இறாலைச் சோதித்தபிறகுதான் என்னை நம்பினார்.

சரி, ஆம்பிளை இறால்.

பாண்டாலஸ் போரியாலிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். 1838இல் டென்மார்க்கின் ஹென்றிக் குரோயர் வைத்தது. போரியாலிஸ் என்றால் வடக்கத்தியது. துரொம்சோவின் இரவு வானத்தில் ஆடுகிற வடதுருவ ஒளியின் பெயரான அவுரோரா போரியாலிசில் வருகிற அதே சொல். இந்த இறால் குஞ்சாக இருந்து வளர்ந்து முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில காலம் ஆணாக இணைசேர்கிறது. பிறகு அடுத்தடுத்துத் தோல் கழற்றும்போது உடல் மாறத் தொடங்கும். வயிற்றின் முதலாம் சோடி நீந்துகாலின் உள்மடல் வடிவம் மாறும், உள்ளே விந்துச் சுரப்பி இருந்த இடத்தில் சினைப்பை வளரும். அப்புறம் அது பெண். திரும்பி ஆணாவதில்லை.

ஆக, மேசையில் கிடந்த பெரிய இறால்கள் எல்லாம் ஒரு காலத்தில் தகப்பன்களாக இருந்த தாய்கள்.

"விசர்க் கதை," என்றார் பெரியம்மா. ஆனால் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

ஏன் இப்படி? கணக்கு எளிமையானது. ஆணுக்கு உடல் பெரிதாக இருந்து பெரிய லாபமில்லை, சின்ன உடம்பிலும் போதிய விந்து உண்டாகும். பெண்ணுக்கு அப்படியில்லை. உடல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு முட்டை காவலாம். வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே போகிற ஓர் உயிர் சின்னதாக இருக்கும்போது ஆணாகவும், பெரிதானபின் பெண்ணாகவும் இருந்தால் அதன் வம்சம் கூடுதலாகப் பெருகும். எரிக் சார்னோவ் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1979இல் இந்தக் குடும்பத்து இறால்களை வைத்தே இந்தக் கோட்பாட்டைச் சோதித்துக் காட்டினார். அதிலே மீன்பிடிக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு வளைவு இருக்கிறது. வலை வந்து பெரியவற்றை எல்லாம் அள்ளிவிட்டால், நீண்ட நாள் காத்திருந்து பெரிய பெண்ணாவதில் இறாலுக்கு லாபமில்லை. மாற்றம் சின்ன உடம்பிலேயே நடக்கும் பக்கம் கணக்குச் சாயும். தெற்கே, நோர்வேக்கும் டென்மார்க்குக்கும் இடைப்பட்ட கடலில், ஆண் என்ற கட்டத்தையே தாண்டிக் குதித்து நேராகப் பெண்ணாகிற இறால்களும் கிடைக்கின்றன.

எத்தனை வயதில் மாறுகிறது என்பது தண்ணீரின் குளிரைப் பொறுத்தது. தென் நோர்வேப் பக்கம் இரண்டு மூன்று வயதில் பெண்ணாகிவிடும். நமக்கு வடக்கே, பேரெண்ட்ஸ் கடலில், நான்கிலிருந்து ஏழு வயது வரை பிடிக்கும். அங்கே பத்து வயதை எட்டுகிறவையும் உண்டு. ஊர் இறால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் பிறந்து வளர்ந்து பெருகிச் செத்துவிடும். ஒரு விரல் நீளத்து இறாலுக்கு ஏழு வயது என்று சொன்னபோது பெரியம்மா கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தார். "பள்ளிக்கூடம் போற வயசு."

வயதை நேரடியாக எண்ண முடியாது என்பது இதிலே ஒரு தொல்லை. மீனுக்குக் காதுக்கல்லில் மரத்தின் வளையம் போலக் கோடுகள் இருக்கும், வெட்டி எண்ணலாம். இறாலோ தோல் கழற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றிப் போட்டுவிடும். ஆயிரக்கணக்கான தலையோட்டின் நீளத்தை அளந்து, எந்தெந்த அளவில் கூட்டம் கூடி நிற்கிறது என்று பார்த்து, இது இந்த வருடத்துப் பிள்ளைகள், அது போன வருடத்துப் பிள்ளைகள் என்று ஊகிக்கிறார்கள்.

சினை காவுகிற காலமும் குளிரைப் பொறுத்தது. கோடை கழிகிற நேரத்தில் முட்டை வயிற்றுக்கு வரும், வசந்தத்தில் பொரிக்கும். ஏறக்குறைய முழுக் குளிர்காலமும் சுமை. இதிலே அதிசயம் பொரிக்கிற நாள்தான். வட அத்திலாந்திக்கின் ஒவ்வொரு மூலையிலும், அந்தந்த இடத்தில் மேல்மட்டத் தண்ணீரில் நுண்பாசி பூத்துப் பெருகுகிற நேரத்துக்குக் குஞ்சு வெளியே வருகிறது. 300 மீற்றர் ஆழத்து இருட்டில் இருக்கிற தாய்க்கு மேலே வெயில் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தெரியாது. அடித்தண்ணீரின் குளிர்தான் முட்டையின் கடிகாரம். மேலே வெளிச்சம், கீழே குளிர் என்ற இந்த இரண்டும் தலைமுறை தலைமுறையாக ஒத்துப்போனதால் கணக்குச் சரியாக வந்தது. அடித்தண்ணீர் சூடாகினால் முட்டை முந்திப் பொரிக்கும், வெளிச்சம் முந்தி வராது. குஞ்சு சாப்பாடு வருமுன்னே பந்தியில் குந்திக்கொண்டிருக்கும்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊர் இறால் சாம்பல் நிறம், அவித்தால்தான் சிவக்கும். இது உயிரோடேயே சிவப்பு. கடலுக்குள் சிவப்பு வெளிச்சம் சில பத்து மீற்றரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆழத்தில் சிவப்பு நிறம் என்றால் கறுப்பு என்றுதான் பொருள்.

இவ்வளவு ருசியான சாமானை நோர்வேக்காரர் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சாப்பிட்டு வந்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 1890களின் கடைசிவரை இது அவர்களுக்கு அபூர்வப் பிராணி. தூண்டிலுக்கும் செவுள்வலைக்கும் அகப்படாமல், மலைகளுக்கிடையே உள்நுழைகிற கடலான ஃபியோர்டுகளின் ஆழத்துச் சேற்றில் கிடந்தது. யோகான் யோர்ட் என்ற இளம் கடலியல் ஆய்வாளர் டென்மார்க்கில் பாவித்த ஒரு சின்ன இழுவலையைக் கொண்டுவந்து சேற்றில் இழுத்துப் பார்த்தபோதுதான் அது அடுக்கடுக்காகக் கிடப்பது தெரிந்தது. ஓர் ஆய்வாளர் மீன்பிடிக்காரருக்குத் தொழில் காட்டிக்கொடுத்த கதை இது. பெரும்பாலும் மறுபுறமாகத்தான் நடக்கும். பேரெண்ட்ஸ் கடலுக்குக் கப்பல்கள் போகத் தொடங்கியது இன்னும் பிந்தி, 1970இல். 1984இல் அந்தக் கடலில் மட்டும் பிடி ஒரு லட்சத்து இருபதாயிரம் தொன்னைத் தாண்டியது.

இழுவலை என்றதும் பெரியம்மாவுக்கு முகம் மாறியது. "றோலரோ?" என்றார். யாழ்ப்பாணக் கரையில் அது ஒரு கெட்ட வார்த்தை. இரவோடிரவாக வந்து சிறுவலைகளை அறுத்துக்கொண்டு போகிற படகுகளின் பெயர். பாக்கு விரிகுடா பத்து மீற்றர் சராசரி ஆழம் கூட இல்லாத கடல், அதன் அடியை அரித்தால் என்ன மிஞ்சும்? இலங்கை 2017இல் அடியிழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. குருநகரிலேயே றோலர் வைத்திருந்த வீடுகள் உண்டு என்பதைப் பெரியம்மா மெல்லமாகத்தான் சொன்னார். சொந்தக்காரர்.

இங்கேயும் றோலர்தான், பெரியம்மா. வாய் விரிய இரண்டு பக்கமும் இரும்புப் பலகை, கீழே உருளைகள் கோத்த கயிறு, பின்னால் 35 மில்லிமீற்றர் கண்ணுள்ள மடி. பெரிய கப்பல்கள் இரண்டு மூன்று வலைகளைப் பக்கம் பக்கமாக இழுக்கும், நடுவில் தொன் கணக்கில் எடையுள்ள உருளை. சேற்றில் தடம் விழத்தான் செய்யும், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இவர்கள் புத்தியாக நடந்திருக்கிறார்கள்.

அந்தப் புத்தி ஓர் அதிகாரியின் மேசையிலிருந்து வரவில்லை. நோர்வேயின் மேற்குக் கரையில் நூர்மோரே என்ற பகுதி. அங்கே போல் பிராத்தொய் என்ற மீனவருக்கு வலை நிறையச் சொறிமுட்டை என்கிற ஜெல்லிமீன் வந்து அலுத்துப்போனது. வலைக்குள் சரிவாக ஒரு கம்பி அளியைப் பொருத்தினார். இறால் கம்பிகளின் இடைவெளியால் நுழைந்து மடிக்குப் போகும். சொறிமுட்டை அளியில் வழுக்கி மேலே ஏறி, வலையின் கூரையில் வெட்டிய ஓட்டையால் வெளியே போய்விடும். 1980களின் கடைசியில் நோர்வே ஆய்வாளர்கள் இதை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். மீனும் அதே வழியால் தப்பியது. சில வருடங்களில் இது நோர்வேயில் சட்டமானது, பிறகு கனடா, அமெரிக்கா, ஐஸ்லாந்து என்று வட அத்திலாந்திக் முழுக்கப் போய்விட்டது. இங்கே கம்பிகளுக்கு இடையில் 19 மில்லிமீற்றர். வலை இழுக்கிற ஒருவரின் எரிச்சல் ஒரு கடலையே காப்பாற்றியிருக்கிறது என்றால் மிகைதான், ஆனால் பெரிய மிகை இல்லை.

அளியால் தப்ப முடியாதது குஞ்சு மீன். ஒரு வயதுக் காட் மீன் குஞ்சு இறால் அளவுதான் இருக்கும், அதுவும் கம்பிக்குள்ளால் புகுந்து மடிக்குப் போய்விடும். அதற்கு வேறு விதி: பத்துக் கிலோ இறாலோடு இத்தனை குஞ்சுக்கு மேல் வந்தால் அந்த இடத்தைப் பூட்டிவிடுவார்கள். காட் குஞ்சுக்கு அந்த எண்ணிக்கை நெடுங்காலம் 8 ஆக இருந்தது. எட்டுக் குஞ்சுக்காகக் கடலைப் பூட்டுகிறார்களா என்று பெரியம்மா இரண்டு தரம் கேட்டார்.

காட் மீனைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்றால், இறாலின் கதை பாதி காட் மீனின் கதை. காட் இறாலைத் தின்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நானூற்றுச் சொச்சம் வருடம் நடந்த காட் மீன்பிடி 1992 ஜூலையில் மூடப்பட்டது. ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. பிறகு அதே கடலில் இறால் பெருகியது, காட் பிடித்த துறைகள் இறால் துறைகளாயின. இன்னும் சில வருடம் கழித்துத் தண்ணீர் சூடாகி, காட் கொஞ்சம் தலைதூக்க, இறால் குறையத் தொடங்கியது. அலாஸ்காவின் கோடியாக் தீவில் இதே ஊஞ்சல் முதலிலேயே மறுபுறமாக ஆடியது. 1971இல் 37,000 தொன் அளவில் இறால், 1970களின் பின்பாதியில் கடல் சூடாகி மீன் பெருகியது, பத்து வருடத்தில் இறால் தொழில் முடிந்தது. பார்த்தால் அழகான தராசு. ஆனால் பேரெண்ட்ஸ் கடல் இந்தத் தராசைக் கணக்கில் எடுக்கவில்லை. 2010களில் அங்கே காட் கூட்டம் மிகப் பெரிதாக வளர்ந்தது, இறால் அதோடு சேர்ந்தே தாக்குப்பிடித்தது. ஒரு வரியில் அடங்கிவிடுகிற கடல் கதைகளை நான் கொஞ்சம் தள்ளிவைத்தே கேட்பேன்.

சூட்டின் கதை மட்டும் தெற்கு எல்லையில் ஐயத்துக்கு இடமில்லாமல் நடந்துவிட்டது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இது குளிர்காலத் தொழில். பொரிக்கிற நேரம் வந்ததும் சினைத் தாய்கள் கரையை நோக்கி வரும். நண்டும் சிங்கி இறாலும் பிடிக்கிற சின்னப் படகுக்காரருக்குக் குளிர்காலச் செலவுக்கு அதுதான் காசு. 2012இல் அந்தக் கடலில் வெப்ப அலை. சூட்டோடு ஒரு சாதிக் கணவாயும் தெற்கிலிருந்து ஏறி வந்து இறாலைத் தின்றது. 2014இல் தொழிலை மூடினார்கள், இன்னும் திறக்கவில்லை. 2025 குளிர்காலத்தில் நிலைமை பார்க்க ஏழு படகுகளை அனுப்பினார்கள். எல்லாமாகச் சேர்த்துப் பிடித்தது 70 இறால். கிலோ அல்ல. எண்ணிக்கை.

எழுபது என்றால் எங்கள் மேசையில் கிடந்ததில் பாதிகூட இல்லை.

பெரியம்மாவுக்கு நோர்வே புதிதல்ல என்பதை இடையில் சொல்ல மறந்துவிட்டேன். அன்ரனி இராஜேந்திரம் என்ற யாழ்ப்பாணத்தவர் 1956இல் மீன்பிடித் தொழில் பழக இங்கே வந்தார். நோர்வேக்கு முதலில் வந்த தமிழர் அவர்தான் என்பார்கள். 1967இல் ஆர்ன பியோர்டொப்ட் என்ற நோர்வேக்காரரும் அவரும் சேர்ந்து தொடங்கிய மீன்பிடித் திட்டம் சீநோர். காரைநகரில் படகு கட்டுமிடம், குருநகரில் வலைத் தொழிற்சாலை. பெரியம்மாவின் சிநேகிதிகள் அங்கே வேலை செய்தவர்கள். அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டுதான் பொடியன்கள் முதலில் மாணவர்களாக வந்தார்கள். எண்பதுகளில் ஊர் எரியத் தொடங்கியதும் இன்னும் பலர் வந்து, வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் தெற்கே ஓடிவிட்ட ஊர்கள் அவை. என் சித்தப்பா அப்படி ஒன்றில் ஏழு வருடம் இருந்தார். இரட்டைக் கையுறைக்குள்ளும் விரல் விறைக்கும், வீட்டுக்கு வந்து சாவியைப் பூட்டில் போட முடியாமல் வாசலில் நிற்பேன் என்று சொல்வார். அந்தத் தொழிற்சாலை மூடியபோது கடைசி மாதச் சம்பளத்துக்கு அரைவருடம் அலைந்தார். அதை இப்போதும் கதைக்க மாட்டார்.

அவர் வேலை செய்த மேசையில் இறால் உரிப்பது கையல்ல, யந்திரம். அவித்த இறால் சரிவான உருளைகளுக்கு மேல் தண்ணீரோடு ஓடிவரும், உருளைகள் ஓட்டைக் கவ்வி இழுத்துக்கொள்ளும், சதை மட்டும் கீழே வழுகிப் போகும். இந்த யந்திரத்தின் மூத்த அவதாரம் 1940களில் அமெரிக்காவின் லூயிசியானாவில் பிறந்தது. யே.எம். லாபெயர் என்ற பதின்வயதுப் பையன் இறப்பர்ச் சப்பாத்தால் ஓர் இறாலை மிதித்தபோது சதை ஓட்டிலிருந்து துள்ளி வெளியே வந்ததாம், யோசனை அதிலிருந்து வந்ததாம். அந்த யந்திரத்துக்குப் போவது பெரும்பாலும் சிறிய இறால். பெரியது ஓட்டோடே விலைபோகும். மிகப் பெரியதைப் பச்சையாக உறையவைத்து யப்பானுக்கு அனுப்புவார்கள், அங்கே இனிப்பு இறால் என்று அதை அவிக்காமலே தின்கிறார்கள்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உரித்து முடித்தார். தலையையும் ஓட்டையும் நான் குப்பைக்கு எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார்.

"என்னடா செய்யிறாய்? சத்தெல்லாம் அதுக்கை."

ஊரிலிருந்து பெட்டிக்குள் ஒடியல் மா கொண்டுவந்திருந்தார். பின்னேரம் கூழ் என்றார். தலையும் ஓடும் ஒரு பானையில் கொதித்தது. அந்த வடிநீரில்தான் பயிற்றங்காயும் மரவள்ளியும் செத்தல் மிளகாய்க் கூட்டும் புளியும் மாக்கரைசலும் போனது. நண்டில்லாத குறையை இரண்டு தரம் சொன்னார். நான் வழக்கமாக இந்த இறாலைக் கறியில் முதலிலேயே போட்டு இறப்பராக்குகிறவன். ஏற்கெனவே அவிந்த சாமான், இன்னொரு அவியலைத் தாங்காது. அவர் அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே அடுப்பை அணைத்தபிறகுதான் உள்ளே போட்டார்.

இறால் போதவில்லை என்று உறைபெட்டியில் தேடினேன். கடையில் வாங்கிய உரித்த சின்ன இறால் ஒரு பை கிடந்தது. பெரியம்மா அதை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே குவிந்து கிடந்த சுண்டுவிரல் நுனிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இஞ்சை இருக்கினம் ஆம்பிளையள்," என்றார். பையைக் கிழித்துப் பானைக்குள் கொட்டினார்.